சூடு தெரியாத கால்

"தாலி கட்டுனது உன் கழுத்துல. நீ எதுக்கு எந்நேரமும் என் கால்லயே கெடக்கிற?" என்று எங்கள் வீட்டுக்காரர் கத்தினார். "காலைக் காட்டுங்க" என்றேன். வேறு பேச்சு கிடையாது. சர்க்கரைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, நம் உத்தியோகம் இதுதான்: சம்பளமில்லை, லீவில்லை, தினமும் சாயங்காலம் இரண்டு பாதத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கான்வென்டில் பிரம்போடு எங்கள் நகங்களைச் சோதித்த சிஸ்டரை அன்றைக்குத் திட்டினேன். அவர் கண்தான் இன்றைக்கு எனக்குக் கைகொடுக்கிறது.

சூளை சொன்ன சேதி

இவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளை மாஸ்டர். நெருப்பை நிறுத்திய பிறகு சூளை தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் காற்று பட்டுச் சரக்கெல்லாம் விரிசல் விடும். மற்றவர்கள் சூட்டு மீட்டரைப் பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூளை வாசல் செங்கல்லில் நின்று சூடு பார்ப்பார். இருபது வருஷமாகக் கால் சொன்னதுதான் சட்டம்.

ஒருநாள் கால் "ஆறிடுச்சு" என்றது. திறந்தார். உள்ளே டிங், டிங் என்று சூளையிலிருந்த பொம்மையெல்லாம் விரிசல் விட்டது. எல்லாரும் சரக்கைப் பார்க்க ஓட, கூட வேலை செய்யும் முருகேசன் மட்டும் கீழே குனிந்து பார்த்தார். இவர் கட்டைவிரலடியில் எலுமிச்சை அளவு கொப்புளம். வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அந்த மனுஷரை நினைக்காமல் நான் ஜெபம் முடிப்பதில்லை. வழியில் அவர் சொன்னாராம்: "மாஸ்டர், சூளை ஆறலைங்க. உங்க காலுதான் ஆறிப்போயிருக்குது."

நைலான் இழை

புண் எலும்பைத் தொட்டுவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு விரல் கவலை. இவருக்கோ கௌரவப் பிரச்சினை. சர்க்கரையால் நரம்பு எவ்வளவு செத்திருக்கிறது என்று பார்க்க டாக்டரம்மா ஒரு நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க, பாதத்துல பட்டா சொல்லுங்க."

மூடின நொடியே "தெரியுது, தெரியுது, நல்லாத் தெரியுது" என்றார் இவர்.

டாக்டரம்மா இழையைக் கீழே வைத்தார். "ஐயா, நான் இன்னும் தொடவே இல்லீங்க."

கட்டுப் போட வந்தவள்

தினமும் கம்மாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டு மாற்றினாள் நர்ஸ் செல்வி. மழையிலும் வந்தாள், கோயில் திருவிழா அன்றும் வந்தாள். இவர் முறைக்க, நான் அதட்ட, அவள் பாட்டுக்குப் புண்ணைக் கழுவுவாள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பஞ்சை எடுத்தவள் என் தோளில் தட்டினாள். "அக்கா, அழுவாதீங்க. வெரலு நம்ம பக்கம் வந்துடுச்சு."

எலிக்கு வந்த யோகம்

என் அக்கா மகள் ஸ்டெல்லா அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். அவள் அனுப்பிய மெயிலை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்து இவருக்கு விளக்கினேன். உடம்பில் சூடு ஏறினால் செல்லுக்குள் சில காவல் புரதங்கள் கிளம்பி, நசுங்கிப்போன மற்ற புரதங்களைத் தூக்கி நிமிர்த்துமாம். அவை கிளம்பவிடாமல் ஒரு புரதம் அடக்கி வைத்திருக்கிறதாம். அதை மருந்தால் கட்டிப்போட்டால் சூடே இல்லாமல் காவல் புரதங்கள் கிளம்பி நரம்பைக் காப்பாற்றுகின்றன. சர்க்கரை எலிகளுக்கு மரத்த பாதத்தில் மறுபடி உணர்ச்சி வருகிறது. மனுஷருக்குக் கொடுக்க இன்னும் வருஷக்கணக்காகும், வராமலே போகலாம், ஆசையை வளர்த்துக்கொள்ளாதே சித்தி என்றும் எழுதியிருந்தாள்.

என் கான்வென்ட் இங்கிலீஷுக்கு அரைமணி பிடித்தது. சண்டை போடாமல் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர் கடைசியில் வாயைத் திறந்தார்: "நெருப்பே வெக்காம சூளைய எழுப்புறாங்க. அவ்ளோதான?"

எலிக்கு அடுத்த ஆள்

விரல் பிழைத்தது; உணர்ச்சி திரும்பவில்லை. இப்போது ஷூ போட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறார். ஒன்றுமே நடக்காமல் போன ஒரு சாயங்காலம்தான் கால் பார்க்கும் என் உத்தியோகத்தில் கிடைக்கிற ஒரே பரிசு, அதையும் திட்டு வாங்கிக்கொண்டேதான் வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லாவுக்கு மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை. இன்று போட்டது நான்காவது: "எலிங்க முடிஞ்சு மனுஷங்க முறை வந்தா உன் சித்தப்பா பேரைக் குறிச்சு வை கண்ணு. வயசு ஐம்பத்திரண்டு, பிடிவாதம் ஜாஸ்தி, விரல் பத்தும் இருக்குது."