புரை என்று சொல்லி வைத்த கண்

மகன் கல்யாணத்துக்கு முன்பே என் மேலிமைத் தோல் தொங்கிப்போயிருந்தது. பார்ப்பவர்களெல்லாம் "அழுதியா?" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டியது. யாருக்கும் சொல்லாமல் பாண்டிக்குப் போய் இமையைத் திருத்திக்கொண்டு கடலூருக்குத் திரும்பினேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டவர்களிடம் புரை ஆபரேஷன் என்றேன். ஐம்பது தாண்டிய பொம்பளை அழகுக்குக் கத்தி வைத்துக்கொண்டாள் என்று தெரிந்தால், எங்கள் கடற்கரைத் தெருவில் மீன் கூடையோடு அவள் மானமும் ஊரெல்லாம் விலை போகும்.

தோலை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள். இடது கண் மூடவே இல்லை. தூக்கத்திலும் அரைக்கண் திறந்தே கிடந்தது. எழுந்தால் மணல் விழுந்த மாதிரி உறுத்தல்.

என்னைவிட அக்காதான் பயந்தாள். அவளுக்கு நிஜமாகவே இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. கண் ஆபரேஷன் முகாமுக்குக் கூப்பிட வந்த நர்ஸை, "என் தங்கச்சி கண்ணப் பாத்தியா? நானும் அப்படி நிக்கணுமா?" என்று விரட்டிவிட்டாள். அதோடு விட்டாளா? தட்டுத் தடுமாறிப் போய், என் கண் குணமாக மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்தாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான்.

இமையைச் சரிசெய்யச் சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். எவ்வளவு தடுத்தும் அக்கா கூடவே பஸ் ஏறினாள். உள்ளே போனதும் ஆரம்பித்துவிட்டாள்: "ஏம்மா, புரை எடுக்கத் தெரியாதவங்க எதுக்குக் கத்தியத் தூக்கறாங்க?"

டாக்டரம்மா என் இமையை இழுத்துப் பார்த்தார். "புரையா? இது அழகுக்காகப் பண்ணதும்மா. தோல ஜாஸ்தியா எடுத்துட்டாங்க. காதுக்குப் பின்னாடியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து வச்சுத் தச்சா மூடும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை, "கெழவிக்குச் சிங்காரமா" என்று திட்டுவாள், திட்டித் தொலைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் தடவித் தேடி என் கையைப் பிடித்தாள்.

"அப்ப நெசமாப் புரை எடுத்தா கண்ணு மூடும்லடி?"

"மூடும்க்கா. நல்லாவும் தெரியும்."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போன வாரம் பேரனத் தூக்கி மடியில வச்சாங்க. மூக்கு அப்படியே என்னாட்டமே இருக்குதுன்னாங்க. நானும் ஆமாம் ஆமாம்னேன்டி."