கழுவிய முகத்துக்கு ஒரு பதக்கம்

எங்கள் ஜிந்துப்பிட்டி நாடகக் கொட்டகையில் இப்போது அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மேடை இருந்த இடத்தில் ஒரு தராசு நின்றது. காவற்காரன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். கொர்னேலியஸைத் தேடி வந்தேன் என்றா அவனுக்குச் சொல்ல முடியும்? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க அவன் ஞாபகம்தான்.

கொர்னேலியஸ் பார்படோஸ் தீவில் பிறந்த கறுப்பின மனிதன். ஆறடிக்கு மேல் உயரம். 1924-ல் ஓர் ஆங்கில ஆட்டக் குழுவோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் கொழும்பில் இறங்கினான். இறங்கிய மூன்றாம் நாள் நெருப்புக் காய்ச்சல். குழுக்காரர்கள் அவனுடைய பெட்டியைத் துறைமுக ஜெட்டியில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். மனிதரா அவர்கள்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொட்டாஞ்சேனையில் அறைகளை வாடகைக்கு விட்டிருந்த மரியாதான் அவனுக்குக் கஞ்சி ஊற்றி எழுப்பியது. எழும்பி நடந்தவன் பிறகு அந்த வீட்டை விட்டுப் போகவேயில்லை. இரண்டு வருஷத்தில் மாதா கோயிலில் கல்யாணமும் நடந்தது. தமிழைப் பாதி பூசைப் பாட்டிலும் மீதி அவளுடைய ஏச்சிலும் படித்தான்.

நான் ஒஸ்வால்ட். கொட்டகையில் நடிகர்களுக்கு வேஷம் போடுவது என் தொழில். பூசையில் அவன் பாடியதைக் கேட்டு, முதலாளி சிவானந்தனிடம் கூட்டிப் போனவன் நான்தான். அவன் ஒரு பாட்டை முடிப்பதற்குள் முதலாளி சம்பளம் பேசத் தொடங்கிவிட்டார்.

ஆனால் எங்கள் மேடையில் ராசா என்றால் ரோஸ் முகம்தான். வெயிலில் கரிக்கட்டையாகிப்போன யாழ்ப்பாணத்தானும் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் அரிதாரம், முத்துவெள்ளை, ரோஸ் பவுடர் எல்லாம் பூசிக்கொண்டு பழுத்த கொய்யாப்பழம் மாதிரித்தான் எழும்புவான். கொர்னேலியஸுக்கும் அதே சட்டம். கைக்கு உறை, தலைக்குக் கிரீடம். விளம்பரத்தில் 'மதராஸ் புகழ் கே. பாகவதர்' என்று முதலாளி கூசாமல் அச்சடித்தார். அவன் தமிழ் அங்கங்கே வழுக்கினாலும் மதராஸ்காரர் பேச்சு அப்படித்தான் என்று சனம் நினைத்துக்கொண்டது. ஒன்பது வருஷம் அவன் பாட்டுக்கு உயிரை விட்ட சனம் அவன் முகத்தை ஒரு நாளும் கண்டதில்லை.

ஒரு நாள் நான் பூசிக்கொண்டிருக்கும்போது அவன் சிரித்தான்.

“அந்த இங்கிலீஷ்காரங்கள் போத்தல் தக்கையை எரிச்சு என்ர முகத்துக்குக் கரி பூசினவங்கள், மச்சான். என்ர கறுப்புப் போதாதாம். இங்க நீ வெள்ளை பூசுறாய். என்ர முகத்தோட நான் எப்ப மேடையில நிக்கிறது?”

எனக்குக் கோபம்தான் வந்தது, என் கைவேலையைக் குறை சொல்கிறான் என்று. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவன் கேட்டது உறைத்தது.

1935-ல் முதலாளி ஒரு புது நாடகம் எழுதினார். ஓர் இளவரசன் கப்பலேறிப் போய், பன்னிரண்டு வருஷம் வெயிலில் கறுத்து, ஆள் அடையாளம் தெரியாமல் திரும்பி வருகிறான். கொர்னேலியஸ்தான் இளவரசன். இரண்டாம் பகுதிக்கு வேஷம் வேண்டாம், முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே வருகிறேன் என்று கேட்டான்.

“வெறும் முகத்தோட ராசா மேடையேறுறதோ?” என்று முதலாளி குதித்தார். “சனம் கூவினால் அந்த நிமிஷமே திரையை விழுத்துவன். நாளைக்கு நீ கம்பனியில இல்லை. ஓமோ?”

“ஓம் முதலாளி” என்றான்.

வேறு கம்பனி எதுவும் அவனை எடுக்காது. நாற்பது வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வேண்டியதுதான். அது அவனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேர ஆட்டம். இடைவேளையில் தேங்காயெண்ணெய் தடவி, சவர்க்காரம் போட்டு, துவாயால் துடைத்துவிட்டேன். கை உறையையும் கழற்றி எறிந்தான்.

திரை தூக்கியதும் கொட்டகையில் ஒரு சத்தமுமில்லை. பெண்கள் இருக்கும் பக்கத்தில் மரியா செபமாலையும் கையுமாக இருந்தாள். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒருவன் கை தட்டினான். பிறகு கொட்டகையே அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்த காசிவிஸ்வநாதன் செட்டியார் எழும்பி மேடைக்கு வந்தார். ஆட்டம் பிடித்துவிட்டால் நடுவிலேயே ஏறிப் பதக்கம் குத்துவது அவர் வழக்கம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

“இப்படி ஒரு கறுப்பு வேஷத்தை நான் எங்கேயும் பாக்கலை. அசல் மாதிரியே இருக்கு. போட்ட கையைக் கூப்பிடுங்கப்பா!”

என்னை இழுத்து வந்து நிறுத்தினார்கள். வெள்ளிப் பதக்கத்தை என் சட்டையில் குத்தினார். நானும் வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொர்னேலியஸ் என் தோளில் கிடந்த துவாயை உருவினான். நெற்றி, கன்னம், மூக்கு என்று அழுத்தித் துடைத்து, செட்டியாருக்கு முன்னால் விரித்துக் காட்டினான். துவாயில் ஒன்றும் ஒட்டவில்லை.

செட்டியார் துவாயைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப முன்னாடி இருந்ததுதேன் வேஷமா?”

“ஓம் ஐயா. ஒன்பது வருஷமா.”

நான் பதக்கத்தைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். அவன் அதைத் திரும்ப என் சட்டையிலேயே குத்தினான்.

“உனக்குத்தான் மச்சான். கழுவினது நீதானே.”

பின்வரிசையில் யாரோ “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார்கள். அவன் பாடினான். அந்தப் பாட்டை அன்றைக்கு நாலு தரம் பாட வைத்தார்கள். முதலாளி கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவன் சொந்த முகத்தோடுதான் நடித்தான். விளம்பரத்திலும் சொந்தப் பெயர்தான். 1942-ல் கொழும்பில் குண்டு விழுந்ததும் சனம் ஊருக்கு ஓடியது, கொட்டகையும் மூடிப்போயிற்று. போன மாதம் கொட்டாஞ்சேனை வீட்டில் அவன் கண் மூடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டிக் கடைக்காரர் சவத்துக்குப் பூசுகிற பவுடர் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். மரியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஒஸ்வால்ட் அண்ணை, நீங்களே கழுவிவிடுங்கோ” என்றாள்.

கழுவினேன். கண்ணீர் நிற்கவில்லை. பவுடர் டப்பாவை அந்த மனிதர் மூடிவிட்டார்.