தானாகத் திரும்பிய சாணைக்கல்

ஹட்டனில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் பழைய சாணைக்கல் கிரைண்டர் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

உள்ளே பனிமூட்டம் புகுந்திருந்தது. கிரைண்டர்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்ததும் இங்கிலாந்துக் கம்பெனியின் பித்தளைத் தகடு தெரிந்தது. கடையில் பல வருசம் உழைக்கும் என்று மகிழ்ந்தேன்.

"போட்டுப் பாக்கலாமாங்க?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"கரண்ட வெட்டி வருசக்கணக்காச்சுங்க."

அந்த நேரம், யாரும் தொடாமலே சாணைக்கல் மெல்லத் திரும்பி நின்றது. குனிந்து பார்த்தேன். முன்னால் வந்த பக்கத்தில் நடுத்துளைவரை விரிசல் ஓடியிருந்தது. கடையில் ஓட்டியிருந்தால் கல் சிதறி என் முகத்தில் பாய்ந்திருக்கும்.

"அது அப்பப்ப திரும்புங்க. நாங்க கிட்ட போறதில்ல," என்றார் காவலாளி.

வாங்காமல் வந்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்தக் கிரைண்டரானாலும் முதலில் கல்லை மரப்பிடியால் தட்டிப் பார்க்கிறேன். விரிசல் இல்லாத கல் மணிபோல் ஒலிக்கும்; அப்படி ஒலித்தால்தான் விலையைக் கேட்பேன்.