செவலைக்கு வாங்கிய பட்டை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று, அதுவும் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைக் காலண்டரையும் மளிகைப் பொட்டலக் காகிதத்தையும் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். ஊர்ப் பேரும் வருஷமும் மறந்துவிடும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவள் பின்னால் வந்த நாயின் கழுத்தில் கிடந்த பட்டையை இப்போது கேட்டாலும் என்னால் தரையில் வரைந்து காட்ட முடியும். தடித்த மாட்டுத்தோல் வார். அதன்மேல் இரும்புத் தகடுகளை வரிசையாக வைத்து அடித்திருந்தது. ஒவ்வொரு தகட்டிலும் கூரான ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாய் நடந்தால் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு முள்வேலியும் கூடவே நடந்து வருவதுபோல இருக்கும்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. அவள் பிறந்த ஊர் ராமாபுரம். அது அப்போது மகாராஜாவின் சீமையில் சேர்ந்ததில்லை, கோயமுத்தூர் ஜில்லா என்று சொல்வார்கள். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வரும்போது அவள் கூட்டிவந்தது இந்தச் செவலையைத்தான். நிறத்தை வைத்தே அதற்கு அந்தப் பெயர். ஆட்டுப்பட்டியில் காவல் காத்த நாய். நான் முதல் நாளே பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பயப்படாத அம்மிணி. சிறுத்தை வந்தா நாயோட கழுத்தத்தான் கவ்வும். கவ்வுனா வாய்ல ஆணி குத்துமில்ல? உட்டுப்போட்டு ஓடீரும். அதுக்குத்தான் இந்த முள்ளுப்பட்டை" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பாட்டு மாதிரிக் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மெல்ல மெல்லக் கன்னடம் கலந்து கரைந்துபோயிருந்தது.

நாங்கள் மண்டி மொஹல்லாவில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் இருந்தோம். சித்தப்பா மண்டியில் ஏலம் கூவுகிறவர். மிளகாய் மூட்டைகளின்மேல் ஏறி நின்று அவர் விலை கூவினால் தெருக்கோடிவரை கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். நல்லவர், கை நிறையத் தின்பண்டம் வாங்கி வருவார், ஆனால் மெதுவாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. சித்திக்குக் கன்னடம் ஒரு சொல்கூட வராது. முற்றத்துப் பெண்கள் பேசினால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாள் முழுக்க அவள் பேசியது செவலையோடுதான். "என்ன சாமி, வெய்யலு காயுது, இந்தப்பக்கம் வந்து படு" என்பாள். அதுவும் எழுந்து வந்து படுக்கும். அந்த ஊரில் அவள் சொன்னதை உடனே கேட்டது அது ஒன்றுதான்.

முள்ளுப்பட்டை அங்கே இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. பக்கத்துக் குடித்தனத்தில் உலர்த்தியிருந்த புடவை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. ஒரு குழந்தையின் முழங்கால் கீறிவிட்டது. சித்தி ஆணிகளின்மேல் கந்தைத் துணியைச் சுற்றிப் பார்த்தாள். கல்யாண மாப்பிள்ளை மாலை போட்டதுபோல அது முற்றத்தில் உலாவியது. எதிர் வீட்டு அம்மாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "ஏம்மா ராமாபுரத்தவளே, எங்க மண்டி மொஹல்லாவிலே சிறுத்தை மிளகாய் மூட்டை வாங்கவா வருது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரம்மா, அந்த இரும்பு போக வேண்டும், இல்லாவிட்டால் நாய் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வெறும் கழுத்தோடும் விட முடியாது. முனிசிபாலிட்டியின் நாய் வண்டி வரும். கழுத்தில் பட்டையும் அதில் வரி கட்டி வாங்கிய பித்தளைப் பில்லையும் இல்லாத நாய்களைச் சுருக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். போன நாய் திரும்பாது.

ஜட்காக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் ஒரு சாயபுவிடம் எங்களைச் சித்தப்பா கூட்டிப்போனார். கடை முழுக்கத் தோலும் எண்ணெயும் கலந்த வாசனை. சித்தி ஒவ்வொரு வாராக எடுத்து மடித்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சித்தப்பா வந்த உடனேயே சிவப்புச் சாயம் ஏற்றி, பித்தளைப் பூக்கள் பதித்த ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். "இதான். ராஜா வீட்டு நாய் மாதிரி இருக்கும்" என்றார். சித்தி தயங்கித் தயங்கி, "ஏனுங்க, இந்தப் பூவுக்குப் பதுலா ஆணி வெச்சுத் தருவாங்களா?" என்று கேட்டாள். சாயபு ஊசியை நிறுத்திவிட்டு, "ஆணி வெச்சா அப்புறம் நாயை யார் தடவறது தாயி?" என்றார். சித்தப்பா உரக்கச் சிரித்தார். பிடித்து நடத்துவதற்கு இரும்புச் சங்கிலியா, கயிறா என்று அடுத்த பேச்சு வந்தது. சங்கிலி கையை அறுக்கும், கயிற்றை நாய் கடித்துவிடும் என்று சாயபு தோல் வார் ஒன்றைக் கொடுத்தார்.

அந்தச் சிவப்புப் பட்டையையே வாங்கி, பில்லையும் கோத்து மாட்டிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சித்தப்பாவுக்கு அநியாயம் செய்தவளாவேன். வீட்டுக்கு வந்ததும் சித்தி மண்டியிட்டு உட்கார்ந்து செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பட்டிக்குப் போன நாள்முதல் அதன் கழுத்தில் முள்தானே இருந்தது, அவள் எப்படிக் கட்டிக்கொண்டிருக்க முடியும்? வெகுநேரம் அப்படியே இருந்தாள். அதன்பிறகு சாயங்காலங்களில் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக ஆரம்பித்தாள். நாயைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்பார்கள். அவளும் பதில் சொல்லப் பழகினாள். "கச்சோதில்லா, கச்சோதில்லா" என்று, கடிக்காது என்பதைத்தான் முதலில் கன்னடத்தில் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் நாய் வண்டி எங்களுக்கு எதிரே வந்து, பில்லையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிற்று. சித்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சித்தியின் அண்ணன் குழந்தைக்கு மாதேஸ்வரன் மலையில் முதல் முடி எடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். யுத்த காலம். கரியில் ஓடும் பஸ்ஸில் கொள்ளேகாலம் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் ராமாபுரம் போக வேண்டும். அப்பாவுக்கு ரயில்வேயில் லீவு கிடைக்கவில்லை. சித்தப்பாவோடும் சித்தியோடும் அம்மாவும் நானும் போனோம், செவலையும் கூட வந்தது. புறப்படும்போது சித்தி பரண்மேலிருந்து பழைய முள்ளுப்பட்டையை எடுத்துத் துணிமூட்டையில் வைத்தாள். சித்தப்பா அதை வெளியே எடுத்துப் போட்டார். "மச்சான் வீட்டுக்கு மைசூர் நாயைக் கூட்டிட்டுப் போறோம். இந்தத் துருப்பிடிச்சதைப் போட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார். "காட்டு வழிங்க" என்றாள் சித்தி. "தெரியும் தெரியும்" என்றார்.

ராமாபுரத்தில் ஊரே வந்து பட்டையைப் பார்த்தது. சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மலைக்கு வண்டி கட்டும்போது சித்தியின் அண்ணன் சுவரில் தொங்கிய ஒரு முள்ளுப்பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. எங்க நாயோடது ஒண்ணு சும்மா கெடக்குது. மலை ஏறி எறங்கற வரைக்கும் போட்டுரலாமுங்களா?"

"மச்சான், இந்தப் பில்லையைப் பார்த்து மைசூர்ல முனிசிபாலிட்டி வண்டியே ஒதுங்குது. உங்க ஊர்ச் சிறுத்தை ஒதுங்காதா?"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை தமாஷ் பண்ணினால் பெண் வீட்டார் சிரிக்க வேண்டும். அந்த வீட்டில் அது அப்படித்தான். மாப்பிள்ளை உட்காராமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள், மாப்பிள்ளை வேண்டாமென்றதை இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள். ஆனால் சித்தி கேட்டாள். வாசற்படியில் நின்றபடியே, "அண்ணா, நீங்க போடுங்க" என்றாள். சித்தப்பாவின் முகம் மாறியது. "நான் வேண்டாங்கறேன், நீ போடச் சொல்றியா? இவ்வளவு பேர் முன்னாலயா?" என்றார். ஏலக் குரல். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அண்ணன் சித்தியைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு பட்டையைக் கொண்டுபோய் சுவரிலேயே மாட்டிவிட்டு வந்தார். சித்தி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் சாயங்காலம் வண்டிகளை அவிழ்த்தோம். செவலையைத் தோல் வாரால் வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தது. பெண்கள் உலை வைத்துக்கொண்டிருந்தோம். முழுக்க இருட்டவில்லை. மாடுகள் மூச்சுவிட்டுக்கொண்டு கயிற்றை இழுத்தன. செவலை ஒரே தரம் குரைத்தது, அவ்வளவுதான். வண்டி ஆடியது, வார் அறுந்த சத்தம் கேட்டது. ஆண்கள் கொள்ளிக்கட்டையும் தடியுமாகக் கத்திக்கொண்டு புதருக்குள் ஓடினார்கள். சத்தத்துக்குச் சிறுத்தை விட்டுவிட்டு ஓடியிருந்தது. தூக்கிக்கொண்டு வந்தபோது செவலைக்கு உயிர் இருந்தது. அம்மா என் முகத்தைத் தன் புடவைக்குள் அழுத்திக்கொண்டாள். சித்தி அழும் சத்தம் வரும் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "சாமி, நான் இங்கதான் இருக்கறேன், சாமி" என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்ததுதான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

நான் எட்டிப் பார்த்தபோது சித்தி பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். பித்தளைப் பூக்களில் இரண்டு மூன்று நசுங்கியிருந்தன. கொண்டுவந்து சித்தப்பாவின் கையில் வைத்து, "இந்தாங்க, உங்குளுது" என்றாள். சித்தப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவருக்குக் குரல் வராமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மலைக்குப் போனோம், முடி எடுத்தோம். சித்தி எல்லா வேலையும் செய்தாள், குழந்தையின் தலைக்குச் சந்தனம்கூட அவள்தான் பூசினாள். திரும்பி வந்து கொள்ளேகாலத்துக்கு வண்டி கட்டியபோதுதான் அவள் ஏறவில்லை. "நீங்க போங்க. நான் இங்க இருந்துக்கறேன்" என்றாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தோம். வரவேயில்லை. ஒரு நாய்க்காகப் புருஷனை விடுவாளா ஒருத்தி என்று குழாயடியில் பேசினார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

சித்தப்பா வருஷா வருஷம் போனார். போகும்போதெல்லாம் ஒரு மூங்கில் கூடையில் நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுபோவார். மண்டியெல்லாம் சொல்லிவைத்து, நல்ல குட்டியாகப் பொறுக்கி எடுப்பார், நான் கூடையில் வைக்கோல் பரப்பிக் கொடுப்பேன். திரும்பி வந்து அம்மாவிடம், "அண்ணி, குட்டியை வாங்கிக்கிட்டா. எனக்குச் சோறு போட்டா. வரலேன்னுட்டா" என்பார். மூட்டைமேல் ஏறிக் கூவுவதும் குறைந்துபோயிற்று.

மகாராஜாவின் ஆட்சி முடிவதற்குச் சற்று முன்னால் அவருக்கு நெஞ்சு நோய் வந்து படுத்தார். யாரும் சொல்லியனுப்பாமலே, எப்படிக் கேள்விப்பட்டாளோ, சித்தி பஸ் ஏறி வந்துவிட்டாள். கடைசிவரை அவள்தான் பார்த்துக்கொண்டாள், கஞ்சி ஊட்டினாள், முதுகு தடவிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அம்மா அடக்கமாட்டாமல், "இவ்வளவு பிரியம் வெச்சிருந்தவ, இத்தனை வருஷம் ஏன்டி வரலே?" என்று கேட்டாள். சித்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தப்புப் பண்ணிப்போட்டேன், உம் பேச்சக் கேட்டிருக்கோணும்னு ஒரு தடவ சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பனக்கா. அவுரு ஒவ்வொரு தடவையும் குட்டி கொண்டாந்தாரு. அதுக என்ன பண்ணுச்சு பாவம், எல்லாத்தையும் வளத்தேன்."

போன வாரம் என் பேரன் வீட்டு நாய்க்குப் புதுசாக ஒரு பெல்ட் வாங்கி வந்தான். நைலானில் பளபளவென்று இருந்தது. அவன் மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கழுத்தை அறுக்குங்க, வேண்டாம்" என்றாள். அவன் போனைப் பார்த்தபடியே, "ஆமா, தப்பா வாங்கிட்டேன், மாத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். நான் எழுந்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ராமாபுரம் அப்போது எந்த ஜில்லா, கரி பஸ் கொள்ளேகாலம்வரை போயிற்றா என்பதெல்லாம் நான் தப்பாக எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. கடைசி நாட்களில் சித்தப்பா சித்தியைக் குனியச் சொல்லி அவள் காதில் ஏதோ சொன்னார். நான் கதவருகே நின்றிருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. அம்மாவிடம் சித்தி சொன்னதைப் பார்த்தால் அது அந்த வார்த்தை இல்லை. ஆனால் சித்தி எதையும் வெளியில் சொல்கிறவள் இல்லை. காரியம் முடிந்து அவள் ராமாபுரத்துக்கே திரும்பி, அண்ணன் பிள்ளைகளோடு இருந்து செத்துப்போனாள். அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், அது என்னவென்று அவள் உங்களிடம் எப்போதாவது சொன்னாளா என்று தயவுசெய்து நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.