ஜெம்மா என்றால் மொட்டு

புஷ்பம் அக்காவின் மகள் அழைத்தபோது பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டா, அன்ரி" என்றாள். அழுகைக்கு முன் எனக்குப் பயம்தான் வந்தது. அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை இனி நான் தனியே சுமக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி கேட்டாள். இரண்டு கிழமையாகப் பேனையைத் தொடவே கை கூசியது.

லிபெர்த்தா வீதியில் தனியே இருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவை நாங்கள் இருவரும் முறைவைத்துப் பார்த்துவந்தோம்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒரு காலை அவர் கதிரையில் கண்ணயர்ந்திருந்தபோது அவருடைய போர்வையைப் பல்கனியில் உதறிவிட்டு உள்ளே வந்தேன். அவர் விரலில் மோதிரம் இருந்தது, அதில் பதித்திருந்த பச்சைக்கல்லைக் காணோம். போர்வையோடு அது தெருவில் விழுந்திருக்க வேண்டும்; கீழே தெருக்கூட்டும் வண்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் பெர்மெஸ்ஸோவை அப்போதுதான் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். வேலை போனால் அதுவும் போகும். முல்லைத்தீவில் தங்கச்சியிடம் விட்டுவந்த என் இரண்டு பிள்ளைகளையும் பிறகு எப்படிக் கூப்பிடுவது?

முறை மாற அக்கா வந்தார். நான் சொன்னதைக் கேட்டார். "ஒளிச்சாத்தான் களவு. சொல்லிப்போட்டா, அது துலைஞ்ச சாமான்" என்றார். நான் வாய் திறக்கமுன் சிஞ்ஞோராவிடம் போய், போர்வையை உதறியது தான்தான் என்று சொல்லிவிட்டார்.

சிஞ்ஞோரா கோபிக்கவில்லை. பாடம் நடத்தத் தொடங்கினார்! லத்தீனில் ஜெம்மா என்பது முதலில் மொட்டுக்கு வைத்த பெயராம். திராட்சைக் கொடியில் முட்டிக்கொண்டு பளபளக்கும் மொட்டைப் பார்த்துத்தான், பிறகு மணிக்கல்லுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்களாம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்காவோ வலு அக்கறையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் சிஞ்ஞோராவின் மகன் வந்தான். அவன் பொலிசுக்குப் போகவில்லை, ஆனால் அக்காவை அன்றைக்கே நிறுத்திவிட்டான்.

அந்தக் குளிர்காலம் அக்கா சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போனார். ஒருநாள் தோட்டத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். "எடியே, இஞ்சை மரத்துக்கு ஒட்டு வைக்க எடுக்கிற மொட்டை இவங்களும் ஜெம்மா எண்டுதான் சொல்லுறாங்கள். சிஞ்ஞோரா பொய் சொல்லேல்லை, பார்!"

அவருடைய சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாயிருந்தது. "நான் உண்மையைச் சொல்லிப்போடுறன், அக்கா" என்றேன்.

"முதல்ல பிள்ளையளைக் கூப்பிடு. பிறகு கதைப்பம்."

பிள்ளைகள் வந்தார்கள். பிறகு பள்ளிக்கூடம், பிறகு அடுத்த புதுப்பிப்பு என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு இருந்தது. "கல்லிலை கை வைச்சிட்டாவாம்" என்று கோயில் வாசலில் சிலர் அக்காவைப் பற்றிக் குசுகுசுத்தபோதும் பேசாமல்தான் நின்றேன். உண்மையைச் சொல்லச் சொல்லி அக்கா என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கமுன் இதை அக்காவின் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "போடுங்கோ, அன்ரி" என்றாள்.

அக்காவைத் தெரிந்தவர்களே, போர்வையை உதறியவள் நான். இதை வாசித்தபின் என் முகத்தில் முழிப்பீர்களோ தெரியாது. அக்கா தந்ததென்று என்னிடம் இருப்பவை என் இரண்டு பிள்ளைகள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன்.