அப்பாவுக்காகப் பேசியவள்

அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அப்பாவை யார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று மகளும் அவள் தம்பியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி வீடு நாலாவது மாடி, ஆனால் லிஃப்ட் உண்டு. மகள் வீடு தரைத்தளம், ஆனால் வாலில்லாத இரண்டு வாண்டுகள் உண்டு. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, வேறு யாருடைய வழக்கையோ கேட்கிற மாதிரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவருடைய ஆசை, பசி, வலி எல்லாமே இத்தனை வருஷமாக அம்மாவின் வாய் வழியாகத்தான் வெளியே வந்திருக்கின்றன.

அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க இரும்பு கிறீச்சிடும் இடத்தில் பேசி என்ன ஆகப்போகிறது? பேசாமலே பழகிவிட்டார். கல்யாணமான புதிதில் அம்மா இதைப் பார்த்துக் கொஞ்ச நாள் மிரண்டுதான் போனாளாம். அப்புறம் மிரட்சியை உதறிவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே பேச ஆரம்பித்தாள். தையல்காரர் அளவெடுக்கும்போது, "இவருக்குக் கழுத்து இறுக்கமா இருந்தா ஆகாதுங்க" என்பாள். அப்பா கையை விரித்தபடி பொம்மை மாதிரி நிற்பார். டாக்டரிடம் போனால் தெர்மாமீட்டர் மட்டும்தான் அப்பா வாயில். பதிலெல்லாம் அம்மா வாயிலிருந்து.

"இங்கதான் டாக்டர், குத்துது குடையுதுன்னு துடிக்கிறாரு" என்று தன் முட்டியைத் தொட்டுக் காட்டுவாள். புதிதாக வந்த ஒரு டாக்டர், பாவம், அவள் முட்டியையே அழுத்திப் பார்த்து, அதற்கே தைலம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதையும் வாங்கி வந்து அப்பாவுக்குத்தான் தேய்த்தாள். வலி விட்டுப்போச்சு என்று சொன்னதும் அவளேதான்.

தப்பாகச் சொன்னதும் உண்டு. யார் வீட்டு விருந்திலோ, அப்பா தன் தட்டில் கேக்கை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவருக்கு இனிப்பே பிடிக்காது" என்று ஊருக்கே அறிவித்துவிட்டாள். மனுஷன் கடைசியில் ருசித்துச் சாப்பிடலாம் என்று ஆசையாக எடுத்து வைத்திருந்தாராம். மறுத்துச் சொன்னால் நாலு பேர் முன்னால் பொண்டாட்டி முகம் வாடிவிடுமே என்று, அன்றிலிருந்து வீட்டில் அவர் இனிப்பைத் தொடவேயில்லை. பட்டறையில் மட்டும் யார் இனிப்பு கொண்டுவந்தாலும் ஒரு கை பார்ப்பாராம். துக்கம் கேட்க வந்த பழைய கூட்டாளி சொல்லித்தான் மகளுக்கே இது தெரியும். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஆனால் அம்மாவுக்காகப் பேசத்தான் அந்த வீட்டில் ஆளில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நர்ஸ் குனிந்து, "உங்களுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"இவரு காலையிலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்கலைங்க" என்றாள் அம்மா.

அதை நினைக்கும்போதெல்லாம் மகளுக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரே ஒரு தடவை உனக்கு வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா என்று மனசுக்குள் சண்டை பிடிப்பாள். பிடித்து என்ன, சண்டைக்கு எதிராளி வேண்டாமா?

"அப்பா, நாங்க கத்திக்கிட்டே இருக்கோம். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான் தம்பி.

அப்பா வழக்கம்போல் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார். அது காலியாக இருந்தது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அழுகை முட்டியது. "விடுடா, அப்புறம் பேசிக்கலாம்" என்று அவள் எழுந்திருக்கப் போனபோது, அப்பா தொண்டையைச் செருமினார்.

"இவருக்கு இந்த வீட்டை விட்டா தூக்கம் வராது" என்றார் தரையைப் பார்த்தபடி. "இவரு எங்கயும் வரமாட்டாரு. சும்மா ஆளாளுக்குப் பிச்சுப் பிடுங்காதீங்க."

அந்த மாதிரிப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

"சரிம்மா" என்றாள் மகள்.