பதினைந்து இன்ச் போதும்

நாகலூர் ஜீவானந்தத்துக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்திரண்டு வருடம் ஒரே வண்டியோடு ஓடியிருக்கிறது. எஸ்டேட் முதலாளி ஒருவர் வைத்திருந்து, வேண்டாமென்று விற்ற பச்சை நிற ஸ்டேஷன் வேகன் அது. பின்கதவைத் திறந்தால் ஒரு கல்யாண வீட்டுச் சாமான் உள்ளே போகும். மிளகு மூட்டை, சுற்றுலா வந்தவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி என்று ஏறாத உருப்படியே இல்லை. இப்போது ஏற மறுக்கிற ஒரே ஆள் அவருடைய மனைவி வெண்ணிலாதான்.

போன வருடம் காபிப் பழம் பறிக்கையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டவள். மூன்று மாதம் படுத்துக் கிடந்து எழுந்துவிட்டாள். தோட்டத்துக்குப் போகிறாள், குடம் தூக்குகிறாள். ஆனால் வாராவாரம் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் பஸ்ஸில். குலுங்கும் பஸ்ஸிலேயே போகிறவளுக்கு இடுப்பு ஒரு காரணமாக இருக்க முடியாது என்று ஜீவானந்தம் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில்தான் அவர் கோட்டை விட்டார்.

வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவரின் பெண்டாட்டி பஸ்ஸுக்கு நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, ஊட்டுக்காரம்மாகிட்டயும் வாடகை கேட்டுட்டீங்களா?" என்றார் டீக்கடைப் பொன்னுவேல். ஜீவானந்தம் சிரித்து மழுப்பினாலும் உள்ளுக்குள் சுருக்கென்றது. நம்மோடு வர இவளுக்குக் கூச்சமா என்று நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். நாலு சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கும் துரு, ஒன்று வளைசல். கூச்சப்பட இது போதாதா? எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதை அவள் வாய் பிளக்கிற மாதிரி மாற்றிவிடுவோம் என்று சேலத்துக்கு இறங்கினார்.

டயர் கடை குழந்தைவேல் பழைய சிநேகிதர். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார். முதலில் பதினேழு இன்ச் அலாய் வீல், பூப்போட்ட வெள்ளி நிறம், அதன்மேல் வளையல் மாதிரி மெல்லிய டயர். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மலையேறி வந்து, வாசலில் நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டார்.

"எப்படிப் புள்ள இருக்குது?"

வாசலிலிருந்து ரோடு வரை ஒருமுறை உட்கார்ந்து வந்தாள். இறங்கி, பானெட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நொம்ப நல்லாருக்குதுங்க."

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

அடுத்தது பதினாறு இன்ச், கறுப்பு, பட்டை டயர். அது கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசிக் கூச்சல் போட்டது. இன்னும் நாலு எலுமிச்சம்பழம் போனதுதான் மிச்சம். வேறு டிசைன் வரட்டும் என்று வண்டியைச் சேலத்துக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அந்த வாரம் அவரும் அவளோடு பஸ் ஏறினார். பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருந்தும் வெண்ணிலா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழி வரும்போதெல்லாம் முழங்காலை மடக்கிக் கொடுத்து நின்றாள்.

"ஏம்புள்ள, அந்த வண்டி மேல உனக்கு என்னதான் கோவம்?"

"வண்டி சேலத்துலதானுங்களே நிக்குது?"

"ஆமா."

"அப்பச் சொல்றனுங்க. உக்காந்தா ஒவ்வொரு குழிக்கும் இடுப்புல ஊசி எறங்குது. பழைய டயரு எறுகிப்போயிக் கல்லு மாதிரி. அந்தப் பெரிய வீலு அதுக்கு மேல. பஸ்ஸுன்னா நின்னுக்கிட்டே போயிருவனுங்க."

"இத்தன நாளா ஏஞ் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டாலும் வண்டிகிட்ட நின்னுதானுங்க கேக்கறீங்க. அது காதுல உழுகற மாதிரி எப்படீங்க சொல்றது?"

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற வண்டியை அதன் எதிரில் குறை சொல்லக் கூடாது, சொன்னால் வழியில் நின்றுவிடும் என்பது ஜீவானந்தமே வீட்டில் போட்ட சட்டம். மச்சான் ஒருவர் 'டப்பா' என்று சொன்ன அன்றைக்கே கிளட்ச் வயர் அறுந்ததைச் சாட்சியாகவும் வைத்திருந்தார். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்தவளைக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆஸ்பத்திரி முடிந்ததும் அவளை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே சேலம் போனார்.

"அலாய் வேண்டாம். பதினஞ்சு இன்ச்சு ஸ்டீல் டிஸ்க்கு குடு. டயர் ரப்பர் எவ்வளவு ஒசரம் வருமோ அவ்வளவு ஒசரமாப் போடு. குழியில உழுகற அடிய அது வாங்கிக்கோணும்."

"ஏனுங்கண்ணா, இது வண்டியோட பொறந்த சைஸாச்சே! இதுக்கா ஒரு மாசமாச் சுத்துனீங்க?" என்று குழந்தைவேல் தலையில் அடித்துக்கொண்டார். காற்றையும் ரெண்டு பாயின்ட் குறைத்தே பிடித்தார்.

அடுத்த வாரம் வெண்ணிலா முன்சீட்டில் ஏறி, கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் குழி வந்தது, போனது. ஜீவானந்தம் ரோட்டைப் பார்த்ததைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தார். நாலாவது குழிக்கு அப்புறம் அது மடிக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து திரும்பி வந்து உட்கார்ந்தவள், "ஏனுங்க, கரடியூரு அக்காளப் பாத்து ஒரு வருசமாச்சு. இப்படியே போயிட்டு வந்தரலாமுங்களா?" என்றாள்.

ஜீவானந்தம் கரடியூர் ரோட்டில் வண்டியைத் திருப்பினார்.